ராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

293318625600. சொல்லால் எழுதினால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. 1915-ஆம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்த சீனிவாச ராமானுஜனின் கட்டுரையொன்றில் இந்த எண் இடம்பெற்றிருக்க வேண்டும், இடம்பெறவில்லை. அக்கட்டுரையில் உள்ள அட்டவணை 2-இல் தொடங்கி 6746328388800 வரை செல்கிறது. ஒரு குறிப்பிட்ட பண்புடைய எண்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் வரிசைப்படுத்துவதே அதன் நோக்கம். அதில் 102 எண்கள் உள்ளன. இருக்க வேண்டியவை 103. தொண்ணூறாவது இடத்துக்கு உரிய எண் விடுபட்டுப்போயிற்று.

ராமானுஜன் என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வரும் எண் 1729. வாடகை வண்டியின் எண்ணும், மருத்துவமனைப் படுக்கையும், ஹார்டியின் சலிப்பும், ராமானுஜனின் உடனடி விடையும் பள்ளிப் பாடநூல்கள் வரை வந்துவிட்டன. அந்தக் கதையில் ராமானுஜன் எண்களைக் கணக்கிடுவதில்லை, கண்டுவிடுகிறார். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை எழுதிக்காட்டினார் என்ற செய்தியும் அதனோடு சேர்ந்துகொள்ள, அவருடைய உழைப்பு முற்றிலும் மறைந்துபோகிறது. விடுபட்ட எண் அந்த உழைப்புக்கு நேர்ச்சான்று. கனவில் வரும் அட்டவணையில் எண் விடுபட வழியில்லை. கையால் கணக்கிட்ட அட்டவணையில்தான் விடுபடும்.

அட்டவணை கூறும் பண்பு எளிமையானது. 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கின்றன. 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையா. இவ்வாறு தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகளைக் கொண்ட எண்ணுக்கு ராமானுஜன் தனிப்பெயர் சூட்டினார். தமிழில் அதனை உயர் பகு எண் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என வரிசை செல்கிறது. பகா எண்ணுக்கு 1-உம் தானும் தவிர வேறு வகுத்தி இல்லை. உயர் பகு எண் அதன் எதிர்முனை.

இவ்வெண்களை மனிதர்கள் வெகுகாலமாகக் கையாண்டு வந்துள்ளனர். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, வட்டத்துக்கு 360 பாகை, ஒரு நாளுக்கு 24 மணி ஆகிய எல்லாமே உயர் பகு எண்கள். பங்கு பிரிக்கும்போது பின்னம் வராமல் காப்பது அவற்றின் இயல்பு. தமிழ் எண்சுவடியின் பின்ன வரிசை இந்த வகையில் வேறுபட்டது. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. 320-க்கு 2-உம் 5-உம் மட்டுமே பகாக் காரணிகள், வகுத்திகள் 14. அதைவிடச் சிறிய 240-க்கு 20 வகுத்திகள் உண்டு. மூன்றில் ஒரு பங்கை முந்திரிக் கணக்கில் துல்லியமாகச் சொல்ல முடியாததன் காரணம் இதுவே. கிரேக்கத்தின் பிளேட்டோ, தம் இலட்சிய நகரத்துக்கு 5040 நிலக்கிழார்கள் இருக்க வேண்டும் என்று வகுத்தார். அந்த எண்ணைத் தன்னைத் தவிர 59 எண்கள் வகுக்கும் என்றும், 1 முதல் 10 வரையிலான எல்லா எண்களும் அவற்றுள் அடங்கும் என்றும் அவரே குறிப்பிட்டார். 5040 ஓர் உயர் பகு எண். அது இக்கட்டுரையில் மேலும் இருமுறை வரும்.

கோபிநத்தம் காடுகளை ஒட்டி இறங்கும் காவிரி, ஒகேனக்கல்லில் விழுந்து, மேட்டூர் வழியாக ஈரோட்டை அடைகிறது. அங்கே 1887 டிசம்பர் 22-இல் பிறந்த ராமானுஜன் அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர். மகனும் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். தாள் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். குறிப்பேடுகளில் நிறுவல்கள் இல்லாமைக்கு இந்த வறுமையும் ஒரு காரணம் என்பதை, அவருக்கு நிறுவல் என்றால் என்னவென்றே தெரியாது என எழுதுவோர் கணக்கில் கொள்வதில்லை. 1914 மார்ச் 17-இல் சென்னையிலிருந்து கப்பலேறினார். ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்தார். ஆகஸ்டில் போர் மூண்டது. டிரினிட்டி கல்லூரியின் ஒரு பகுதி போர்க்கால மருத்துவமனையாயிற்று. லிட்டில்வுட் பீரங்கிப்படைப் பணிக்குச் சென்றார். அந்த இலையுதிர் காலத்தில்தான் உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரை கழகத்துக்கு அளிக்கப்பட்டது. அச்சில் அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள், 52 பிரிவுகள். ராமானுஜன் வாழ்நாளில் அச்சான அவருடைய கட்டுரைகளுள் இதுவே மிக நீளமானது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வு வழியிலான இளங்கலைப் பட்டம் அளித்தது இதன் பொருட்டே. கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் இடைநிலைத் தேர்வில் தோற்றவருக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

கட்டுரையின் முதற்பகுதி பள்ளி மாணவரும் பின்தொடரத்தக்கது. எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக எழுதலாம். அவற்றின் அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும். 12 என்பது 2-இன் இரண்டாம் அடுக்கு பெருக்கல் 3. எனவே மூன்றையும் இரண்டையும் பெருக்கி, ஆறு. 18 என்பது 2 பெருக்கல் 3-இன் இரண்டாம் அடுக்கு, அதற்கும் ஆறுதான். இரண்டும் ஒரே எண்ணிக்கையைத் தரும்போது 18 சிறியதாக இருந்திருக்கலாம், 3-க்குத் தந்த உயர்ந்த அடுக்கை 2-க்குத் தந்திருந்தால். எனவே 18 உயர் பகு எண் ஆகாது. இதே நியாயத்தால், உயர் பகு எண்ணில் பகா எண்கள் 2, 3, 5, 7 என இடைவெளியின்றித் தொடர்ந்து வரவேண்டும்; அடுக்குகள் எங்கும் ஏறாமல் இறங்கிச் செல்ல வேண்டும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும், 4-உம் 36-உம் மட்டுமே அதற்கு விலக்கு என்றும் ராமானுஜன் நிறுவினார். இது எளிதன்று. அதன்பின் ஒவ்வொரு அடுக்கும் எந்த எல்லைகளுக்குள் நிற்கும் என்பதைச் சமனிலிகளால் நெருக்கி நெருக்கிக் கட்டுகிறார். ஹார்டி இக்கட்டுரையில் போற்றியது இதைத்தான். பொருள் கணிதத்தின் பெருவழியிலிருந்து சற்று விலகியது என்று கருதிய அவரும், சமனிலிகளைக் கையாள்வதில் ராமானுஜன் காட்டிய ஆட்சி அசாதாரணமானது என்றார். நிறுவத் தெரியாத மேதை என்ற பழங்கதைக்கு இந்த 52 பிரிவுகளே போதிய மறுப்பு.

உயர் பகு எண்களுள் ஒரு சிலவற்றை மேலான உயர் பகு எண்கள் என ராமானுஜன் பிரித்தெடுத்தார். ஒரு பகா எண்ணைச் சேர்ப்பதை வியாபாரக் கணக்காகப் பார்க்கலாம். 23-ஐப் புதிதாகச் சேர்த்தால் எண் 23 மடங்கு பெருகும், அது செலவு. வகுத்திகள் இரு மடங்காகும், அது வரவு. ஏற்கெனவே ஆறாம் அடுக்கில் இருக்கும் 2-ஐ ஏழாம் அடுக்குக்கு உயர்த்தினால் செலவு 2 மடங்கு, வரவு ஏழில் எட்டு. வரவையும் செலவையும் ஒப்பிட ஓர் அளவுகோலை முன்னதாகவே நிர்ணயித்துக்கொண்டால், எந்தப் பகா எண்ணுக்கு எவ்வளவு அடுக்கு என்பது தானாகவே தீர்மானமாகிவிடும். இவ்வழியில் கிடைப்பவை மேலான உயர் பகு எண்கள். அவற்றைச் சூத்திரத்தாலேயே பெறலாம், தேட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மேலான எண்களுக்கு இடையில் வரும் மற்ற உயர் பகு எண்களுக்குச் சூத்திரம் கிடையாது. அடுக்குகளுக்குரிய எல்லைகளுக்குள் ஒவ்வொரு சாத்தியத்தையும் எடுத்து, பெருக்கி, வகுத்திகளை எண்ணி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் சோதனை முறையைத் தவிர வேறு வழி தமக்குத் தெரியாது என்பதை ராமானுஜன் மறைக்கவில்லை.

விடுபட்ட எண் இந்தச் சோதனைப் பகுதியைச் சேர்ந்தது. அது எங்கே நழுவியது என்பதை எண்களே காட்டுகின்றன. 13967553600 என்பது ஒரு மேலான உயர் பகு எண். 2-இன் ஆறாம் அடுக்கு, 3-இன் மூன்றாம் அடுக்கு, 5-இன் இரண்டாம் அடுக்கு, பிறகு 7, 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒருமுறை. வகுத்திகள் 2688. இங்கிருந்து மேலே செல்ல இரு வழிகள் உண்டு. முதல் வழியில் 23-ஐப் புதிதாகச் சேர்க்கலாம். எண் 321253732800 ஆகும், வகுத்திகள் 5376. மற்றொரு வழியில் புதிய பகா எண் எதையும் சேர்க்காமல், ஏற்கெனவே உள்ள 3-க்கும் 7-க்கும் அடுக்கை ஒவ்வொன்று உயர்த்தலாம். அதற்குச் செலவு 21 மடங்கு. எண் 293318625600 ஆகும், வகுத்திகள் 5040. முதல் வழி 23 மடங்கு செலவில் இரு மடங்கு வரவு தருகிறது. இரண்டாம் வழி 21 மடங்கு செலவில் ஒன்றே முக்காலே அரைக்கால் மடங்கு வரவு தருகிறது. அளவுகோலால் பார்த்தால் முதல் வழி மேலானது. 321253732800 மேலான உயர் பகு எண்ணாக அமைவதும் அதனால்தான். ஆயினும் இரண்டாம் வழியில் கிடைக்கும் எண் அதைவிடச் சிறியது. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 5040 வகுத்திகள் இல்லை. எனவே அதுவும் உயர் பகு எண்ணே. ராமானுஜன் அட்டவணையில் 321253732800 இருக்கிறது. அதற்குச் சற்று முன்னே நிற்க வேண்டியது இல்லை.

சுற்றுப்புறத்தையும் பார்த்தால் இன்னும் விளங்கும். உயர் பகு எண்களின் வரிசையில் 23 முதன்முதலாக வருவது 64250746560-இல். அதிலிருந்து 19-இல் முடியும் எண்களும் 23-இல் முடியும் எண்களும் சிறிது தூரம் மாறி மாறி வருகின்றன. 64250746560-இல் 23 உண்டு, 73329656400-இல் இல்லை, 80313433200-இல் உண்டு, 97772875200-இல் இல்லை, 128501493120-இல் உண்டு, 146659312800-இல் இல்லை, 160626866400-இல் உண்டு. அடுத்த 240940299600-இலும் உண்டு. இந்த இடத்தில் 19-இன் காலம் முடிந்து 23-இன் காலம் நிலைபெற்றுவிட்டது போன்ற தோற்றம் எழுகிறது. அதற்கடுத்து வரும் 293318625600-இல் மட்டும் 23 மீண்டும் காணாமற்போகிறது. 19-இல் முடியும் உயர் பகு எண்களுள் இதுவே கடைசி. பிறகு அட்டவணையின் இறுதிவரை உள்ள பதின்மூன்று எண்களிலும் 23 உண்டு. பழைய குடும்பத்தின் கடைசி உறுப்பினர் புதிய குடும்பத்தார் இருவருக்கிடையே வந்து நின்றபோது, கணக்கிட்டவரின் கண் அவரைக் கடந்துவிட்டது என ஊகிப்பதில் தவறில்லை. அறியாமையால் நேர்ந்த பிழை என்று கொள்ள முடியாது. இதே வகையைச் சேர்ந்த 73329656400, 97772875200, 146659312800 மூன்றும் அவர் அட்டவணையில் உரிய இடத்தில் நிற்கின்றன. அவை முறையே விடுபட்ட எண்ணின் கால் பங்கும், மூன்றில் ஒரு பங்கும், அரைப் பங்கும் ஆகும்.

இதைவிட வியப்புக்குரியது அட்டவணையின் கடைசி எண். 6746328388800 என்னும் எண்ணில் 2-இன் ஆறாம் அடுக்கு, 3-இன் நான்காம் அடுக்கு, 5-இன் இரண்டாம் அடுக்கு, 7-இன் இரண்டாம் அடுக்கு, அதன்பின் 11 முதல் 23 வரை ஐந்து பகா எண்கள். வகுத்திகள் 10080. மேற்சொன்ன இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் மேற்கொண்டால் கிடைப்பது இதுவே: 13967553600-ஐ 21-ஆலும் பெருக்கி, 23-ஆலும் பெருக்க வேண்டும். எனவே இந்தக் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது 293318625600. ராமானுஜன் எழுதாமல் விட்ட எண், அவர் கடைசியாக எழுதிய எண்ணின் வகுத்திகளுள் ஒன்று. அதன் காரணிகளை அவர் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். பக்கத்தில் ஒரு 23 இருக்கிறது, அவ்வளவே.

விடுபட்டது இது ஒன்றுதான் என்று எண்ணினால் கட்டுரையின் வரலாறு வேறு சொல்கிறது. 1927-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ராமானுஜனின் கட்டுரைத் தொகுப்பில், ஹார்டி ஒரு குறிப்பு சேர்த்தார். இக்கட்டுரை இத்தனை நீளமாக இருந்தும் முழுமையானதன்று. அப்போது கணிதக் கழகம் பணநெருக்கடியில் இருந்தமையால், அச்சுச் செலவைக் குறைக்க ராமானுஜன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை நீக்கிக்கொண்டார் என்பது அதன் சாரம். அட்டவணையில் நேர்ந்த இழப்பு கண்ணயர்வால் நேர்ந்தது. ஓர் எண்ணோடு முடிந்தது. இந்த இழப்போ காசில்லாமையால் நேர்ந்தது. எழுபதாண்டுக்கும் மேலாக நீடித்தது. சென்னையில் தாள் விலைக்கு அஞ்சிச் சிலேட்டில் எழுதியவர், கேம்பிரிட்ஜிலும் தாள் விலைக்காகத் தம் எழுத்தைக் குறைத்துக்கொண்டார். முதல் இழப்பைப் பற்றிப் பேசும் கணித ஆர்வலர் பலர். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. விகிதம் தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

நீக்கப்பட்ட பக்கங்களில் ராமானுஜன் வகுத்திகளின் எண்ணிக்கையைத் தாண்டி, வகுத்திகளின் கூட்டுத்தொகை போன்றவற்றுக்கும் அதே வரவு செலவுக் கணக்கை விரித்திருந்தார். 12-இன் வகுத்திகளைக் கூட்டினால் 28. எண்ணோடு ஒப்பிடக் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பது கேள்வி. அதற்கு உச்சம் தரும் எண்களை 1944-இல் அலாவோக்லுவும் பால் ஏர்டோசும் புதிதாகக் கண்டுபிடித்ததாக வெளியிட்டனர். அவை முப்பதாண்டுகளுக்கு முன்பே ராமானுஜனின் அச்சேறாத தாள்களில் இருந்தன. அவர்களைக் குறைகூற இடமில்லை. அச்சேறாததை யார் படித்திருக்க முடியும்?

அத்தாள்களில் இருந்த இன்னொரு முடிவு ரீமன் கருதுகோளைத் தொடுகிறது. 1859-இல் பெர்னார்ட் ரீமன் முன்வைத்த அக்கருதுகோள், பகா எண்கள் எவ்வளவு ஒழுங்காகப் பரவியுள்ளன என்பதை நிர்ணயிப்பது, இன்றுவரை நிறுவப்படவில்லை. சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய நாட்களில் ராமானுஜன் பகா எண்களைப் பற்றிச் சொன்னவற்றுள் சில தவறானவை. ரீமனின் சார்புக்குச் சிக்கலெண் தளத்தில் உள்ள சுழியங்களை அவர் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளுக்குள் எழுதிய இந்தக் கட்டுரையிலோ, எந்த முடிவு கருதுகோளைச் சாராதது, எந்த முடிவு அதைச் சார்ந்தது என்று தெளிவாகப் பிரித்து எழுதுகிறார். கேம்பிரிட்ஜ் அவருக்கு என்ன கற்றுத்தந்தது என்ற நெடுநாள் வாதத்தில் எடுத்துக்காட்டத்தக்க இடம் இது. நீக்கிய பகுதியில், கருதுகோள் உண்மையானால், போதுமான அளவு பெரிய எந்த எண்ணுக்கும் வகுத்திகளின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாது என்று காட்டியிருந்தார். அந்த வரம்பைப் பெற, எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் இயல் மடக்கை கண்டு, அதை எண்ணாலும், ஏறத்தாழ 1.781 ஆகிய ஒரு மாறிலியாலும் பெருக்க வேண்டும்.

1984-இல் பிரெஞ்சுக் கணிதர் கை ரோபின், ராமானுஜனின் தாள்களைப் பார்க்காமலேயே இதே இடத்துக்கு வந்து, ஒரு படி மேலும் சென்றார். 5040-க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அந்த வரம்பைத் தாண்டாது என்பதும் ரீமன் கருதுகோளும் ஒன்றுக்கொன்று சமமானவை என்று அவர் நிறுவினார். 5040-இன் வகுத்திகளைக் கூட்டினால் 19344. வரம்பு ஏறத்தாழ 19237. ஆக, பிளேட்டோவின் நகர எண் வரம்பைத் தாண்டுகிறது. அதற்குமேல் தாண்டும் எண் ஒன்றேனும் கிடைத்தால் ரீமன் கருதுகோள் பொய்த்துப்போகும். இதுவரை கிடைக்கவில்லை. விடுபட்ட 293318625600-இன் வகுத்திகள் சரியாக 5040 என்பதையும் இங்கே குறிப்பிடலாம். அது தற்செயல், அதில் மறைபொருள் தேடுவது வீண்வேலை.

ரோபினின் ஆசிரியரான ழான் லூயி நிக்கோலா, உயர் பகு எண்கள் வரிசையில் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பதைப் பற்றி 1971-லேயே எழுதியவர். ராமானுஜனின் நூற்றாண்டான 1987-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டின்போது, நீக்கப்பட்ட பகுதியின் கையெழுத்துப் படி உண்டு என்பது அவருக்குத் தெரியவந்தது. மறு ஆண்டு புது தில்லி நரோசா பதிப்பகம், ராமானுஜனின் தொலைந்த குறிப்பேட்டோடு வெளிவராத தாள்களையும் நிழற்பட வடிவில் நூலாக்கியபோது, அந்தப் பக்கங்களும் அதில் இடம்பெற்றன. நிழற்படத்தில் இருப்பது வேறு, அச்சுக்கோத்து, சரிபார்த்து, உரை எழுதப்பட்டிருப்பது வேறு. அந்த வேலையை நிக்கோலாவும் ரோபினும் மேற்கொண்டனர். புளோரிடாவில் பேராசிரியராக இருந்த கிருஷ்ணசாமி அல்லாடி 1997-இல் ராமானுஜன் பெயரிலேயே ஒரு கணித ஆய்விதழைத் தொடங்கினார். அதன் முதல் தொகுதியில் அக்கட்டுரை வெளிவந்தது. 1915-இல் அச்சு 52-ஆம் பிரிவோடு நின்றது. 1997-இல் வெளிவந்தது 53-ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறது.